தவக்காலத்தில் இறங்கிய கொழுப்பு

என் வீட்டுக்காரருக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் நிம்மதி. ஓசூரில் இரும்பு உதிரி பாகங்களுக்குக் கறுப்பு ஏற்றும் ஒரு சின்னக் கம்பெனியில் அவர் லைன் பொறுப்பாளர். போல்ட்டும் நட்டும் பற்சக்கரமும் கூடை கூடையாக அவருடைய தொட்டிகளில் முங்கிக் கறுப்பாக எழுந்து, எண்ணெய் பூசிக்கொண்டு வண்டிக் கம்பெனிகளுக்குப் போகும். தொட்டியில் இருக்கும் கரைசலுக்கு அங்கே 'பாத்' என்று பெயர். காலையில் உள்ளே போனதும் அந்த பாத்தைக் கொஞ்சம் குடுவையில் எடுத்து, சொட்டுச் சொட்டாக இன்னொரு திரவத்தை விட்டு, சத்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார். குறைந்திருந்தால் அளந்து ஊற்றுவார். பார்க்காமல் ஊற்றிய ஆளை லைனை விட்டே மாற்றியிருக்கிறார். வீட்டிலும் இதே கதைதான். சாம்பாரில் உப்பு குறைவு என்று நேராகச் சொல்ல வாய் வராது, "பாத் கொஞ்சம் வீக்கா இருக்குது" என்பார். கரண்டியைக் கையில் கொடுத்து, நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள் என்று நகர்ந்துவிடுவேன்.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கிறேன். பழ சீசனில் மூச்சு விட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் அவரோடு சண்டை போடும் அளவுக்கு நேரமிருக்கும். வீடு குந்தாரப்பள்ளியில். ஒரே மகள், ஓசூர் பக்கம் செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஷிப்ட் மாறி மாறி வருவதால் கம்பெனி விடுதியிலேயே தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவாள்.

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரத்தில் அவருடைய கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். இவருக்குக் கொழுப்பு மிக அதிகம் என்று வந்தது. ஆள் ஒன்றும் பெருத்தவர் இல்லை. பீடி, சாராயம் எதுவும் கிடையாது. ஓசூரில் ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கர்நாடகப் பக்கத்துக்காரர், தமிழை நிதானமாகப் பேசுவார். அவர் முதலில் கேட்டதே, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் மாரடைப்பில் போனார்களா என்றுதான்.

போயிருக்கிறார். இவருடைய அப்பா. ஊர் வாரச் சந்தையில் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தவர் திரும்ப எழுந்திருக்கவில்லை. இவர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தார். அப்பா போன அந்த வயதைத் தொட இவருக்கு இன்னும் ஒரே வருஷம்தான் பாக்கி. இதையெல்லாம் நான்தான் டாக்டரிடம் சொன்னேன். இவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். தினமும் இரவு போட வேண்டும், நிறுத்தவே கூடாது என்றார். பிறகு, இது சாப்பாட்டால் மட்டும் ஏறியது போலத் தெரியவில்லை, அப்பா வழியாக வந்ததாக இருக்கலாம், அப்படியானால் பிள்ளைகளுக்கும் இருக்க வாய்ப்புண்டு, ஆகவே மகளுக்கும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள் என்று சொன்னார். மாத்திரைக்கு ஆடாத மனிதர் அந்தக் கடைசி வார்த்தைக்கு ஆடிப்போனார்.

பஸ் சூளகிரியைத் தாண்டியது. அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"பாப்பாவுக்கு இப்ப பாக்க வேணாம். மொதல்ல என்னுதைக் கொறச்சுக் காட்டறேன். அது கொறஞ்சுதுன்னா பொறப்புல வந்தது இல்லன்னு ஆயிருமில்ல?"

எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. ஆனால் அவர் கெஞ்சுவது போலக் கேட்ட பிறகு எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. சாவுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை அவர். தன்னிடமிருந்து அந்தப் பிள்ளைக்கு ஏதாவது போயிருக்குமோ என்பதுதான் அவருடைய பயம். மகளிடம் அப்பாவுக்குக் கொழுப்பு இருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

மாத்திரை சில வாரம் ஓடியது. கெண்டைக்கால் வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னார். அடுத்த வாரம் பார்த்தால் அட்டை குறையாமல் அப்படியே இருந்தது. ஏன் என்று பிடித்துக் கேட்டேன். கால் வலி கால்வாசிக் காரணம்தான் என்று அப்போது தெரிந்தது. இந்த மாத்திரை போட்டுக் கொழுப்பு இறங்கினால் அது மாத்திரையின் வேலை, அதனால் மகள் விஷயத்தில் ஒன்றும் நிரூபணமாகாது என்றார். அதனால் வேறு ஒன்று ஆரம்பித்திருக்கிறாராம். சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். லைனில் அவருக்குக் கீழே வேலை செய்யும் ஒரு தெலுங்குக்காரத் தம்பி இந்த மாதிரிச் சத்து மாத்திரைகளை ஆள் பிடித்து விற்கிறவன். அவன் கொடுத்தது. உள்ளே இருப்பது செலினியம்.

செலினியம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது இவர் வாயிலிருந்துதான். இரும்பைக் கறுப்பாக்கும் அந்தக் கரைசலில் இருக்கும் முக்கியமான சரக்கே அதுதான். அது வருகிற கேனில் மண்டை ஓட்டுப் படம் போட்டிருக்கும், கையுறை இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதையா விழுங்குகிறீர்கள் என்று கத்திவிட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். உடம்புக்கும் அது துளியளவு தேவையாம். அது குறைந்தால் கொழுப்பு ஏறும் என்று யாரோ போன் வீடியோவில் சொன்னாராம். பாத்தில் செலினியம் குறைந்தால் இரும்பு கறுப்பாகாமல் செம்பட்டையாக வரும், சரக்கை ஊற்றினால் சரியாகிவிடும். அதே மாதிரி உடம்பிலும் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது, ஊற்றினால் சரியாகிவிடும்.

"கொறச்சல்னா ஊத்திக்கலாம். பொறப்புலயே இருந்தா நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. டாக்டர் மாத்திரையையும் சேர்த்தே போடுங்களேன் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு சரக்கை ஊற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது, ஒவ்வொன்றாகத்தான் ஊற்றிப் பார்க்க வேண்டும், லைனில் அதுதான் சட்டம் என்று பாடம் எடுத்தார். உங்கள் உடம்பு லைன் இல்லை என்றேன். ஷூவுக்குப் பாலிஷ் போடப் போய்விட்டார்.

இது நடந்தது சாம்பல் புதன் வந்த வாரம். எங்கள் வீட்டில் தவக்காலம் என்றால் பெயருக்கு அனுசரிப்பது கிடையாது. சாம்பல் பூசிய நாளிலிருந்து ஈஸ்டர் வரை கறி, முட்டை, மீன் எதுவும் அடுப்பில் ஏறாது. அவர் இன்னும் ஒரு படி மேலே போவார். கம்பெனி வாசலில் சாயங்காலம் டீயோடு தின்னும் போண்டாவை விட்டுவிடுவார், டீயில் சர்க்கரையை விடுவார், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கோயிலுக்கு நடந்தே போய் நடந்தே வருவார். இடுப்பு பெல்ட்டில் ஓட்டை மாறும். வருஷா வருஷம் நடப்பது என்பதால் அதை நாங்கள் யாரும் ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை.

அந்தத் தவக்காலத்தில் புதிதாக ஒன்று நடந்தது. அவர் வாயில் பூண்டு வாடை. நான் பூண்டு போடாத ரசம் வைத்த நாளிலும் அதே வாடை. நோன்பு நேரத்தில் எங்கேயாவது பரோட்டாக் கடையில் சால்னாவை ஊற்றிக்கொண்டு வருகிறாரோ என்று சந்தேகப்பட்டேன். சாடையாகக் கேட்டும் பார்த்தேன். பைபிள் மேல் கை வைக்காத குறையாக மறுத்தார்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் கிருஷ்ணகிரி லேப்பில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்தார். கொழுப்பு இறங்கியிருந்தது. ரொம்ப இல்லை, ஆனாலும் இறங்கித்தான் இருந்தது. வீட்டுக்குள் வரும்போதே அவர் முகம் சொல்லிவிட்டது. கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு அது. பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை, பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதையே சொன்னார். எனக்கும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. வாதாடாமல் அவரோடு சேர்ந்து சிரித்தேன். மறுநாள் குருத்தோலைப் பவனியில் ஓலையைத் தூக்கிப் பிடித்து நடந்தவர்களில் அவரைப் போலச் சத்தமாகப் பாடியவர் வேறு யாருமில்லை.

ஈஸ்டருக்கு ஆட்டுக்கறி பிரியாணி செய்தேன். மகள் வந்திருந்தாள். அவர் மகளைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். அடுத்த நாளிலிருந்து போண்டாவும் திரும்பி வந்தது, சர்க்கரையும் வந்தது. செலினியமும் நிற்கவில்லை. நல்லது செய்கிற சரக்கு என்று நம்பிவிட்டதால் டப்பாவில் எழுதியிருந்ததற்கு மேலேயே போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தார். பெரிய தொட்டிக்குப் பெரிய அளவு என்பது அதற்குக் காரணமாம்.

பிறகு மாம்பழ சீசன் வந்தது. வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து லாரி லாரியாகக் காய் இறங்கியது. நான் ஆலையே கதி என்று கிடந்தேன். சீசன் ஓயும்போதுதான் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தேன். சீப்பில் கொத்தாக முடி. நகமெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்து ஓரங்களில் உடைந்திருந்தது. பூண்டு வாடை மட்டும் அப்படியே. ஆசிட் புகை பட்டிருக்கும் என்றார். இத்தனை வருஷம் படாத புகையா இப்போது பட்டது என்று கேட்டேன். அடுத்த சனிக்கிழமையே லேப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கொழுப்பு பொங்கலுக்கு இருந்ததைவிட மேலே ஏறியிருந்தது.

லேப் வாசலில் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மிஷின் தப்பாக இருக்கும், இன்னொரு லேப்பில் பார்க்கலாம் என்று ஏதேதோ சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் ஆள் மிஞ்ச மாட்டார் என்றும் தோன்றியது. அன்றைக்கே ஓசூர் டாக்டரிடம் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

டாக்டர் நகத்தைத் திருப்பிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இவர் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். அதைப் படித்ததும் டாக்டருக்குக் கன்னடம்தான் முதலில் வந்தது. "பேடா" என்றார். பிறகு தமிழில், இது வேண்டவே வேண்டாம் என்று சொன்னார்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. செலினியம் ரொம்பக் குறைந்துபோனவர்களுக்குக் கொடுத்தால் பயனுண்டு, ஆனால் சோறு, முட்டை, மீன் என்று வழக்கமாகச் சாப்பிடுகிற ஆளுக்கு அநேகமாகப் போதுமான அளவு ஏற்கெனவே இருக்கும் என்றார். போதுமானதற்கு மேல் போட்டால் கொழுப்பு இறங்காது. சொல்லப்போனால் பெரியவர்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்த பல இடங்களில் செலினியம் அதிகம் உள்ளவர்களுக்குக் கொழுப்பும் அதிகமாகவே இருந்திருக்கிறது. எதனால் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை வரும், அது மட்டும் நிச்சயம். இவ்வளவும் சொல்லிவிட்டு மெதுவாக ஒன்று கேட்டார்.

"உங்க ரத்தத்துல செலினியம் கம்மியா இருக்குன்னு யார் பாத்தாங்க?"

யாரும் பார்க்கவில்லை. குடுவையும் சொட்டும் இல்லாமல் ஒரு தொட்டியைத் தொடாத மனிதர், தன் உடம்புக்குள் மாதக்கணக்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றியிருக்கிறார். காது மடல் சிவந்துபோனது.

அப்படியானால் நடுவில் ஒரு தடவை எப்படி இறங்கியது என்று கேட்டார், கடைசிப் பிடிமானம் போல. எப்போது பார்த்தீர்கள் என்றார் டாக்டர். ஏப்ரலில் என்றார் இவர். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அப்ப தவக்காலம்ங்க என்று சொல்லிவிட்டேன். கறி இல்லை, முட்டை இல்லை, போண்டா இல்லை, வெள்ளிக்கிழமை நடை வேறு. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. இரண்டு சரக்கை ஒன்றாக ஊற்றக்கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தவர், ஊற்றியிருக்கிறார். பிறந்ததிலிருந்து பழகிய நோன்பு என்பதால் அது கணக்கிலேயே வரவில்லை, எனக்கும் வரவில்லை.

டாக்டர் அளவு குறைத்து வேறு ஒரு மாத்திரை எழுதினார். இதில் கால் வலித்தால் நீங்களாக நிறுத்தாமல் என்னிடம் வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றார். நாங்கள் எழுந்தபோது மகளை அழைத்து வரச் சொல்லி மறுபடியும் ஞாபகப்படுத்தினார். இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து மகளும் நாங்களும் வீட்டுக்கு வந்தோம். அவள் இன்னும் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. இவர் நாற்காலியில் உட்கார்ந்து, சொல்லிவிட வேண்டும் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு, அப்பாவுக்கு இருக்கிற கொழுப்பு தாத்தா வழியாக வந்தது போலிருக்கிறது, உனக்கும் ஒரு தடவை பார்க்கச் சொல்கிறார் டாக்டர் என்று ஆரம்பித்தார். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். பிறகு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்ப்பா. வேலைக்குச் சேர்றப்ப ரத்தம் எடுத்தாங்க இல்ல, அப்பவே சொல்லிட்டாங்க. உங்களுக்கு வர்றதுக்கு முன்னாடியே எனக்கு வந்துருச்சு."

இத்தனை மாதம் ஏண்டி சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அப்பா தன்னால்தான் என்று உடைந்துபோவார் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை என்றாள். அப்பாவுக்கும் இருக்கிறது என்று பொங்கலுக்குத் தெரிந்த பிறகு இன்னும் இறுக்கமாக வாயைப் பூட்டிக்கொண்டாளாம். இவர் யாருக்கு மறைத்தாரோ அந்தப் பிள்ளை இவருக்கு மறைத்திருக்கிறது.

"எங்கிட்ட இருந்துதானே கண்ணு உனக்கு வந்துச்சு" என்றார் அவர்.

"இந்த மூக்கும்தான் உங்ககிட்ட இருந்து வந்துச்சு. அதுக்கு உங்ககிட்ட சண்டைக்கா வந்தேன்?"

அவர் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவள் தன் விஷயத்தைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனாள். அங்கே பார்த்த டாக்டர் அவளுக்கும் மாத்திரை தொடங்கலாம் என்று சொல்லியிருந்தார். இந்த வயதில் தினமும் மாத்திரையா, ஆயுசுக்குமா என்று பயந்துபோய் இவள் தள்ளிப்போட்டிருக்கிறாள். அப்புறம் போன மாதம்தான் தொடங்கினாளாம். எப்படி தைரியம் வந்தது என்று நான் கேட்டேன்.

"அப்பாவைப் பாத்துத்தான். அப்பா பொங்கல்ல இருந்து தெனமும் போடறாரு, கம்பெனிக்குப் போறாரு, கோயிலுக்கு நடக்கறாரு, ஒண்ணும் ஆகல. அப்பறம் நமக்கு மட்டும் என்ன ஆயிரும்னு நெனச்சேன். விடாமப் போடறீங்க இல்லப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

"இல்ல கண்ணு. நான் போடல" என்றார்.

அவள் முகம் மாறியதை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். தனக்கு நோய் இருக்கிறது என்று ஒரு வருஷமாகத் தெரிந்தும் கண் கலங்காத பெண், அப்போது அழுதாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளையில் அழுத மாதிரி வாய்விட்டு அழுதாள்.

பிறகு அவர் எழுந்துபோய், முந்தின நாள் வாங்கி வந்த புது அட்டையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் எடுத்து வந்தார். மணி பத்துகூட ஆகவில்லை. இரவில் போட வேண்டிய மாத்திரை அது. அவள் பார்க்கப் பார்க்க அதைப் பிய்த்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து அவளுக்குக் காட்டினார்.